கேட்டால் மட்டும் கொடுக்கும் இயந்திரம்

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்ப முடியாதவர்கள் இங்கேயே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. "ராத்திரி தூக்கக் கலக்கத்துல எதையாவது பாத்திருப்ப" என்று சொல்ல வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அது ராத்திரி இல்லை, சாயங்காலம். குழல் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. நான் இரண்டு காபி குடித்திருந்தேன்.

அப்போது நான் சுவாசப் பராமரிப்பில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம். அப்படி ஒரு படிப்பு இருப்பதே சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. என் அண்ணன்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விளக்கம் சொல்வான். "மூச்சு விடறதுக்கு டிகிரி படிக்கிறா. நான் பொறந்த அன்னிக்கே பாஸ் பண்ணிட்டேன்." சொல்லிவிட்டு முதலில் அவனே சிரிப்பான்.

அந்த அண்ணன் எங்கள் கல்லூரி மருத்துவமனையின் நான்காம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் குழாயோடு கிடந்தான். நிமோனியா. ஒரு வாரமாக அவனுக்குப் பதில் வென்டிலேட்டர்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அன்று காலையில் டாக்டர் வந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு இயந்திரத்தின் வேலையைக் குறைக்கப் போவதாகச் சொன்னார். அவனாகவே மூச்சு எடுத்தால் மறுநாள் குழாயை எடுத்துவிடலாம். அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். என் உள்ளங்கையை இழுத்து, விரலால் 'வா' என்று எழுதினான். கட்டாயம் வருகிறேன் என்றேன்.

ஆனால் அன்றைக்குத்தான் எனக்குச் செய்முறைத் தேர்வு.

தேர்வு வைப்பவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பஞ்சர் சார். காரணம் உண்டு. கீழ்த்தளத்துப் பயிற்சி அறையில் ஒரு பழைய வென்டிலேட்டர் இருந்தது. அதன் குழாய் முனையில் நோயாளிக்குப் பதில் ஒரு கறுப்பு ரப்பர் பையை மாட்டியிருப்போம். தேர்வுக்கு முன்னால் சார் குழாயில் எங்கேயாவது ஊசியால் ஒரு பொட்டு ஓட்டை போட்டு வைப்பார். நாம் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காதவர்கள் அந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். பிள்ளைகள் அழுவதைப் பார்ப்பதில் அந்த மனிதருக்கு ஒரு சந்தோஷம்.

இயந்திரத்தை அவர் 'கேட்டால் கொடு' என்ற முறையில் வைத்திருந்தார். நோயாளி மூச்சை உள்ளே இழுக்க முயல்வார். அந்தச் சின்ன இழுப்பை இயந்திரம் உணர்ந்துகொண்டு காற்றைக் கொடுக்கும். யாரும் இழுக்காவிட்டால் சும்மா இருக்கும். ரப்பர் பை இழுக்காது. ஆகவே இயந்திரம் காற்று கொடுத்தால், ஓட்டையில் கசியும் காற்றை மூச்சென்று நினைத்து அது ஏமாறுகிறது என்று அர்த்தம்.

"சார், அஞ்சு மணிக்கு அண்ணன்கிட்ட இருக்கணும்" என்று கெஞ்சினேன்.

"உங்க அண்ணனைப் பாத்துக்க மாடியில நாலு பேர் இருக்காங்க. உனக்கு இங்க நீ மட்டும்தான்" என்றார். என் செல்போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கோளாறைக் கண்டுபிடி. நான் வர்றப்ப மெஷின் அமைதியா இருக்கணும். அதுவரைக்கும் வெளியில வராத."

கதவை வெளியே தாழிட்டுக்கொண்டு போனார்.

நாலரை மணி. ஜன்னல் இல்லாத அறை. இயந்திரம் சத்தமே போடவில்லை. குழாயை அங்குலம் அங்குலமாகத் தடவினேன். சோப்புத் தண்ணீர் பூசினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. இணைப்புகளைக் கழற்றி மாட்டினேன். பஞ்சர் சாரின் பரம்பரையையே மனதுக்குள் திட்டி முடித்தேன். கடிகாரம் ஐந்தைத் தாண்டியது. மேலே அண்ணன் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது.

அப்போது இயந்திரம் ஒரு மூச்சு கொடுத்தது.

ப்ஸ்ஸ்ஸ்... பை உப்பியது. தணிந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, ஓட்டை தன் வேலையைக் காட்டிவிட்டது! கசியும் இடத்தைப் பிடித்துவிட்டால் ஓடிவிடலாம். காதைக் குழாயோடு வைத்துக் கேட்டேன். மறுபடியும் ஒரு மூச்சு. மறுபடியும்.

கசிவு எங்கேயும் இல்லை. பழைய குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு, உறை பிரிக்காத புதுக் குழாயை எடுத்து மாட்டினேன்.

ப்ஸ்ஸ்ஸ்...

புதுக் குழாயில் எப்படி ஓட்டை இருக்கும்?

அதோடு இன்னொன்றையும் கவனித்தேன். கசிவு என்றால் காற்று ஒரே சீராக வரும். இது அப்படி இல்லை. இரண்டு மூச்சு, ஒரு தயக்கம். பிறகு நீளமாக ஒன்று. பயந்துகொண்டே நடை பழகும் ஆள் மாதிரி... கேட்டு, வாங்கி, ஓய்ந்து, மறுபடி கேட்டது.

பையைக் கையில் எடுத்தேன்.

சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு.

கீழே போட்டுவிட்டேன். பை மேசைமேல் கிடந்தபடியே மூச்சு விட்டது. பைக்குப் பக்கத்தில் குழாயின் உட்புறம் ஆவி படிந்திருந்தது. ரப்பருக்குள் ஈரம் ஏது? ஆவி படிந்தது, மறைந்தது. படிந்தது, மறைந்தது. குழாய்க்குள் ஏதோ கொழகொழவென்று உருண்டது. அந்தச் சத்தம் என்னவென்று எங்கள் படிப்பில் முதல் வருடப் பிள்ளைக்கும் தெரியும். அது சளி.

கதவைத் தட்டினேன். "சார்... சார்!"

யாரும் வரவில்லை.

ஓடிவிட முடியாது. போன் இல்லை. தேர்வு போனால் ஒரு வருடம் போச்சு. அண்ணனைப் பார்க்கும் நேரம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. இந்தப் பாழாய்ப்போன பை வாயை மூடினால்தான் எனக்கு விடுதலை. ஒரே ஒரு குறுக்கு வழி இருந்தது. எங்கள் பேச்சில் அதற்குச் 'செவிடாக்குவது' என்று பெயர். எவ்வளவு பலமாக இழுத்தால் காற்று தர வேண்டும் என்ற அளவு இயந்திரத்தில் உண்டு. அதைக் கடைசிவரை ஏற்றிவிட்டால், யார் எப்படிக் கேட்டாலும் இயந்திரத்துக்குக் கேட்காது. கசிவு என்று நினைக்கிற எவரும் அதைத்தான் செய்வார்கள்.

நானும் செய்தேன்.

இயந்திரம் அமைதியானது.

பை அமைதியாகவில்லை.

அதன் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டியது. கன்னம் ஒட்டுகிற மாதிரி. திரையில் நேராக ஓடிய கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. பை விட்டது. மறுபடி இழுத்தது. இன்னொரு பள்ளம். காற்று வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தது. இன்னும் ஆழமான பள்ளம்...

காற்று வரவில்லை.

பை மேசைமேல் நகர்ந்தது.

என் பக்கமாக.

அளவைக் குறைக்கக் கையை நீட்டினேன். வெளியே சாரின் செருப்புச் சத்தம். தாழ் விலகும் சத்தம். கை அப்படியே நின்றது... இப்போது குறைத்தால் இயந்திரம் ஊதும். அவர் காதில் விழும். ஒரு வருடம் போகும். கொஞ்சம் பொறு, இதோ, அவர் பார்த்துவிட்டுப் போகட்டும், ஒரு நிமிடம்...

பள்ளங்கள் வேகமாக விழுந்தன.

பிறகு ஆழம் குறைந்தன.

பிறகு தூரம் தூரமாக...

பிறகு இல்லை.

சார் உள்ளே வந்தார். பையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு நமட்டுச் சிரிப்பு.

"என்ன கோளாறு கண்டுபிடிச்ச?"

"கசிவு சார்... அளவை ஏத்தி நிறுத்திட்டேன்."

"பொய். நான் இன்னிக்கு ஓட்டையே போடல. நல்லா தேடட்டும்னுதான் விட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டே இயந்திரத்தில் பதிவாகியிருந்ததைப் பின்னால் ஓட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "அட, நிஜமாவே கசிஞ்சிருக்கே! ரொம்ப நல்ல உதாரணம். க்ளாஸ்ல காட்டலாம்." பென்டிரைவைச் சொருகிப் பதிவை எடுத்துக்கொண்டார். போனைத் திருப்பிக் கொடுத்தார். நான் பாஸ்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நான்கு மாடியும் ஓடினேன்.

அம்மா வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை. "எங்கடி போன? கதவையே பாத்துட்டிருந்தானே..."

உள்ளே இருந்த நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு மெஷின் வேலையைக் குறைச்சோம். மூச்சு நல்லா எடுத்தாரும்மா. ரெண்டு எடுப்பாரு, கொஞ்சம் நிறுத்துவாரு, அப்புறம் பெருசா ஒண்ணு. எல்லாருக்கும் சந்தோஷம். திடீர்னு இழுக்க இழுக்கக் காத்து போகல. மெஷின்ல ஒரு தப்பும் இல்ல. வேற மெஷின் மாத்தினோம். கையால பம்ப் பண்ணினோம். எதுவும் உள்ள இறங்கல... யாரோ வாயைப் பொத்தின மாதிரி."

அண்ணனைத் தொட்டேன். காய்ச்சல் சூடு இன்னும் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? சோகத்தில் மனசு எதையோ முடிச்சுப் போடுகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நுரையீரல் கெட்டுப்போனவர்கள் சாகிறார்கள், அவ்வளவுதான் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் அதை நம்பவும் செய்தேன்.

அப்புறம் ஒரு நாள், வெளியூரிலிருந்து நுரையீரல் மருத்துவத்தில் பெரிய கை ஒருவர் பாடம் நடத்த வந்தார். வயதானவர், சாதுவானவர். பஞ்சர் சாருக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்கை அணைத்து, அந்தப் பதிவைப் பெரிய திரையில் ஓட்டினார். "கசிவால இயந்திரம் ஏமாறுறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது சார்."

டாக்டர் முதலில் தலையாட்டினார். பிறகு தலை நின்றது. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

"இது கசிவு இல்லையே. ஒரு ஆள் மூச்சுக்குப் போராடறாரு. எந்த பேஷண்ட் இது?"

"பேஷண்ட் இல்ல சார், ரப்பர் பை." வகுப்பில் சிலர் சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. பள்ளங்கள் முடிந்து கோடு நேரான இடத்தில் விரலை வைத்தார். அங்கே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு, கோடு மெலிதாக அதிர்ந்துகொண்டிருந்தது. சீராக. டிக்... டிக்... டிக்...

"மூச்சு நின்ன பிறகும் நெஞ்சு துடிக்கிறது இப்படித்தான் பதியும். இதோ, இங்கதான் நிக்குது" என்றார். சாரைத் திரும்பிப் பார்த்தார். "ரப்பருக்கு ஏதுய்யா இதயம்?"

அளவு ஏறிய இடத்தைத் திரையில் காட்டி, ஏற்றியது யார் என்று டாக்டர் கேட்டார். சார் கையை நீட்டி என்னைக் காட்டினார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இவ்வளவு நேரம் கேட்டிருக்காரே... ஏம்மா குடுக்கல?"