சவர்க்காரம் இல்லாத வாட்டு

என் அக்கா இடுப்பெலும்பு முறிந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிறு நன்றாகத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வந்தவர்கள் எல்லோரும் இதைத் தங்கள் வசதிக்கு மாற்றிச் சொன்னார்கள்.

லிங்கநகரில் எங்கள் வீட்டு வாசலில் பின்னேரங்களில் அக்கா அப்பம் சுட்டு விற்பார். இரண்டு அடுப்புக்கு நடுவே நின்றபடிதான் அந்த வேலை. குளியலறையில் சறுக்கி விழுந்த அன்றே, சத்திரசிகிச்சையைச் சுறுக்காகச் செய்தால் பழையபடி நிற்கலாம், பிந்தினால் சொல்ல ஏலாது என்று எலும்பு டொக்டர் சொல்லிவிட்டார். நாளும் குறித்தார்கள்.

“நான் திரும்ப அடுப்படியிலை நிப்பனோ டொக்டர்?” அக்காவுக்கு அது ஒன்றுதான் கேள்வி.

“நிப்பீங்கள் அம்மா.”

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரி வாட்டுகளில் நோயாளிக்குத் துணைக்கு நிற்பவர் தன் ஆளை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் உம்மா இருந்தார், கால் முறிவு. அவருக்குத் துணையாக மகள். நான் குளிக்க வீட்டுக்குப் போனால் அக்காவின் பெட்பானை அந்த மகள் முகம் சுளிக்காமல் எடுத்து ஊற்றுவார். அவர் தொழப் போனால் உம்மாவை நான் பார்ப்பேன். மத்தியானத்தில் எங்கள் இடியப்பம் அங்கே போகும், அவர்களுடைய மீன்கறி இங்கே வரும். முழு வாட்டும் இப்படித்தான் நடந்தது. தாதிமார் மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருக்கும் இடத்தில், இந்தக் கைமாற்று இல்லாவிட்டால் பாதிப் பேர் நனைந்த படுக்கையில்தான் கிடப்பார்கள்.

ஆனால் கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இல்லை. சவர்க்காரம் வைக்கிற கிண்ணம் இருந்தது, காய்ந்துபோய். வாட்டு வாசலில் மட்டும் ஜெல் போத்தல் ஒன்று கம்பீரமாகத் தொங்கியது. கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சனத்துக்கு ஜெல்லில் ஒரு பக்தி. பெட்பான் ஊற்றிய கையில் இரண்டு சொட்டைத் தேய்த்துவிட்டு, சுத்தமாகிவிட்டோம் என்ற நிம்மதியில் அடுத்த ஆளுக்குக் கஞ்சி பருக்கினோம்.

முதலில் கடைசிக் கட்டிலில் ஒருவர் ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். மறுநாள் அதற்கு எதிரே இருந்தவர். பிறகு வயிற்றோட்டம் கட்டில் கட்டிலாக நடந்து வந்தது. அக்காவைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோக ட்ரொலி வந்த காலையில், அவர் என் மடியில் தலையைச் சரித்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். ட்ரொலி வெறுமையாகத் திரும்பிப் போனது. அதன் பின்னால் ஓடிப்போய் இழுத்துப் பிடிக்கலாமா என்றுகூட எனக்கு இருந்தது.

அன்று பகல் பொறுப்புத் தாதி வந்து வாட்டின் நடுவே நின்றார்.

“வெளிச் சாப்பாடு இனி ஒண்டும் உள்ளுக்கு வரக்கூடாது. கண்ட கண்ட மீனையும் இறைச்சியையும் குடுத்தா இப்பிடித்தான்.”

சொல்லும்போது அவர் கண் கிண்ணியாக் கட்டிலில் போய் நின்றது. அதன் பிறகு எல்லோர் கண்ணும் அங்கேதான். அந்த மகள் சாப்பாட்டுக் கரியரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

“எங்கட சாப்பாட்டாலயா அக்கா?” என்று என்னிடம் மெல்லக் கேட்டார். “நேத்து உங்கட அக்காக்கு நான்தானே ஊட்டின.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து, புல்மோட்டையிலிருந்து வந்து யன்னலோரம் கிடந்த பெண்ணைக் காட்டினேன். வயிற்றில் ஒப்பரேஷன் செய்ததிலிருந்து அவருக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. வெறும் சேலைன்தான். அவரும் அன்று விடிந்ததிலிருந்து ஓங்காளித்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், அவ ஆருடைய மீனைத் திண்டவ?”

பொறுப்புத் தாதி யன்னலோரக் கட்டிலின் அட்டையை எடுத்துப் புரட்டினார். சுற்றுக்கு வந்திருந்த இளம் டொக்டர்தான் சொன்னார். அது சாப்பாடு அல்ல, வைரஸ். கைக்குக் கை போவது. ஜெல்லை நம்ப ஏலாது, சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

“வாட்டுகளிலை இது வழமைதான் அம்மா. பயப்பிடாதேங்கோ.”

“வழமை எண்டு தெரியுந்தானே. பிறகேன் சவர்க்காரம் இல்லை?”

“வைச்சா எடுத்துக்கொண்டு போயிடுகினம்” என்றார் தாதி.

“சவர்க்காரம் களவு போகுதெண்டு பூட்டி வைக்கிறியள். இந்தச் சத்தியை எல்லாரும் வீட்டுக்குக் கொண்டு போகினமே, அதுக்கு என்ன பூட்டுப் போட்டிருக்கிறியள்?”

“சத்தம் போடாதேங்கோ அக்கா. எனக்கும் காலமையிலையிருந்து வயித்தாலை போகுது” என்றார் அவர். முகத்தைப் பார்த்தேன், உண்மைதான். அதற்குமேல் அவரோடு கத்த எனக்கு மனம் வரவில்லை. யாரோடு கத்த வேண்டுமோ அவர்கள் அந்த வாட்டுக்குள் கால் வைப்பதே இல்லை.

அன்றே இரண்டு சவர்க்காரக் கட்டி வாங்கி, வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுப் பைப்பில் கட்டித் தொங்கவிட்டேன். களவு போகவில்லை. ஆனால் மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று அடுத்த நாளே ஆஸ்பத்திரி ஆட்கள் அதை அறுத்து எறிந்துவிட்டார்கள். பார்க்க அலங்கோலமாக இருந்ததாம். வந்தவர் ஜெல் போத்தலைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

அக்காவின் முறை இன்னொருவருக்குப் போனது. உடம்பில் நீர் வற்றி, காய்ச்சலும் பிடித்து, மயக்க மருந்து கொடுக்க ஏலாது என்று தள்ளித் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் செய்தார்கள், எலும்பும் பொருந்தியது. அதற்குள் கிடந்த கிடையில் முதுகில் புண் வந்து, காலில் இருந்த சக்தியெல்லாம் போய்விட்டது. இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால் கொஞ்சம் நிற்பார். விட்டால் சரிவார்.

இப்போது அப்பம் நான்தான் சுடுகிறேன். அக்கா வாசலில் கதிரையில் உட்கார்ந்து காசு வாங்கிப் போடுகிறார். வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள்:

“இடுப்பு முறிஞ்சதாலைதானே அக்கா எழும்ப ஏலாமப் போச்சு?”

“இல்லைப் பிள்ளை,” என்பார் அக்கா. “வயித்தாலை போனதாலை.”

அக்காவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்து அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.