ஓடு ஏற்றிய லாரியில் ஒரு தொட்டில்

பாறசாலையிலிருந்து பாளையங்கோட்டை சுமார் எழுபது மைல். சாதாரண நாளில் காலையில் பஸ் ஏறி நாகர்கோவிலில் மாறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். நான் போனது சாதாரண நாளில் அல்ல. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்ற கிளர்ச்சி எங்கள் பக்கம் சூடாக இருந்த சமயம். வாரத்தில் பாதி நாள் கடையடைப்பு, பஸ் ஓடாது, ஓடினால் கல் விழும். இவருக்கு அப்போதுதான் நெய்யாற்றின்கரையில் ஒரு லாரிக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. இவர் என்றால் என் வீட்டுக்காரர். அதுவரை உள்ளூரில் பஸ் ஓட்டியவர். இனி நெடுந்தூர ஓட்டம், போனால் நான்கு நாள் கழித்துத்தான் வீடு. எட்டு மாதப் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு பாறசாலையில் தனியாக இருக்க எனக்குத் தைரியமில்லை. பாளையங்கோட்டையில் அக்காள் வீடு இருக்கிறது. முதல் லோடு திருநெல்வேலிக்கு என்று தெரிந்ததும் நானும் வருகிறேன் என்றேன். பிள்ளை உறங்கினால்தான் பேனாவைத் தொட முடியும் என்பதால் இதை எழுத இத்தனை மாதம் ஆகிவிட்டது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது டிரைவருக்கு முதல் லோடு கூரை ஓடுதான். வைக்கோல் வைத்து நெருக்கமாக அடுக்கி அனுப்புவார்கள். இறக்குமிடத்தில் ஒரு கூடை வைத்திருப்பார்கள். உடைந்த ஓடுகளை அதில் போடுவார்கள். கூடை நிறைந்தால் அந்த டிரைவருக்கு வேலை இல்லை, அதே லாரியில் சும்மா உட்கார்ந்து ஊர் திரும்ப வேண்டியதுதான். எப்படி பிரேக் போட்டான், பள்ளத்தில் எப்படி இறக்கினான் என்று யாரும் கேட்பதில்லை. கூடை சொல்லிவிடும்.

காலை ஐந்தரைக்குப் பாறசாலைச் சந்தைமுக்கில் ஏறினேன். கிளீனர் தாசையன் அண்ணன் எனக்கு இடம் விட்டு ஓரமாக நகர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வண்டியும் ஓட்டுவார். புது டிரைவர்களோடு போவதற்கென்றே அவரை வைத்திருக்கிறார்களாம். இதுவரை எத்தனை பேரைத் திருப்பிக் கூட்டிவந்தார் என்பதை ஏறியவுடனே சொல்லத் தொடங்கிவிட்டார். இவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தன.

களியக்காவிளை தாண்டுவதற்குள் பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். எஞ்சின் சூடு, சத்தம், மடியில் கிடக்கமாட்டாள். தாசையன் அண்ணன்தான் வழி சொன்னார். மேலே குறுக்காகப் போகிற மரச்சட்டத்தில் என் பழைய பாலராமபுரம் சேலையைத் தொட்டிலாகக் கட்டினோம். கொஞ்ச நேரத்தில் உறங்கிவிட்டாள்.

"கம்பெனிக்கு ஓடு, மோளுக்குப் பிள்ளை," என்றார் தாசையன் அண்ணன் என்னைக் காட்டி. "ரெண்டும் உடையாம கொண்டு சேக்கணும் பாத்துக்கிடும் டிரைவரே. கூடை ஓட்டுக்கு மட்டும் ஆக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தொட்டிலைக் கையால் பிடித்துக்கொண்டேதான் வந்தேன்.

குழித்துறைப் பாலம் கடந்து கொஞ்சதூரம் போனதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு அயனி மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மணி ஏழு. இருபது முப்பது பேர் நின்றார்கள். ஒருவர் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். என்ன லோடு, எங்கே போகிறது, யாருடைய வண்டி என்று கேட்டார். ஓடு என்றதும் கீழே நின்றவர்களிடம் திரும்பினார்.

"எலே, புது டிரைவராக்கும். ஓடு ஏத்தி விட்டிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கம்பெனியின் வழக்கம் அவ்வளவு தூரம் தெரிந்திருந்தது. சிரித்தார்களே தவிர மரம் அசையவில்லை. மதியம் ஒரு மணிவரை ஒரு வண்டியும் போகக்கூடாது என்பது தீர்மானம். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்று சொல்வதுபோலச் சொன்னார்கள். நாங்களும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். பள்ளிக்கூடத்தில் மலையாளம், காலேஜில் இங்கிலீஷ் என்று படித்தவள் நான். எல்லை எங்கே வரும், பாறசாலை எந்தப் பக்கம் நிற்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பால் குப்பியில் கால்வாசிதான் இருக்கிறது என்பது.

கூட்டத்தில் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். இடப்பக்கம் தோப்புக்குள் ஒரு மண்பாதை உண்டு, மாட்டுவண்டி போகும், அரை மணிக்கூரில் மார்த்தாண்டம் தாண்டி ரோட்டைப் பிடிக்கலாம், நாங்கள் பார்க்காத மாதிரி நின்றுகொள்கிறோம் என்றார். இவர் இறங்கி அந்தப் பாதையில் நடந்து பார்த்துவிட்டு வந்தார். செருப்பெல்லாம் சேறு.

"வேண்டாம். இங்கயே நிப்போம்."

பால் இல்லை என்றேன். தெரியும் என்றார். ஓடுதான் பெரிதா என்று கேட்டேன். இவர் போய் மர நிழலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் இவரோடு பேசவில்லை.

ஒன்பது மணிக்குப் பால் தீர்ந்தது. அழுகை கேட்டு ரோட்டோர வீட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். பெயர் ஞானம்மை. அவருடைய மகனும் மரத்தருகே நின்றவர்களில் ஒருவன்.

"மக்கா, பிள்ளைக்கு ஏத்தங்காப் பொடி காய்ச்சித் தாறேன், வா. இவனுவ மரத்தத்தான் வெட்டுவானுவ, ஒரு பிள்ளைக்க பசி தெரியாது."

உலர்த்திப் பொடித்த ஏத்தன் வாழைக்காயைக் கருப்பட்டி சேர்த்துக் கூழாகக் காய்ச்சிக் கொடுத்தார். பிள்ளை குடித்தாள். எனக்கும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைத்தன. பணம் நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். கிளம்பும்போது ஒரு பொட்டலம் பொடியும் கட்டித் தந்தார்.

சொன்னபடி ஒரு மணிக்கு அவர்களே மரத்தைப் புரட்டினார்கள். இவரும் தாசையன் அண்ணனும் சேர்ந்து தள்ளினார்கள். காலையில் எட்டிப் பார்த்தவரே படியில் ஏறி நின்று, "பைய போணும், கேட்டியளா," என்று சொல்லி இறங்கினார்.

நாகர்கோவில் மூன்று மணி. சுங்கான்கடைப் பக்கம் ரோடு மோசம், அதனால் இவ்வளவு நேரம். ஆரல்வாய்மொழி எல்லைச் சாவடியில் முக்கால் மணி நேரம் காகிதம் பார்த்தார்கள். அதற்கப்புறம் சமவெளி, காற்றுதான் தொந்தரவு, படுதா அடித்துக்கொண்டே இருந்தது. ஏழரைக்கு அக்காள் வீட்டு வாசலில் என்னையும் பிள்ளையையும் இறக்கிவிட்டு, லாரி பக்கத்துத் தெருவிலிருந்த கிடங்குக்குப் போனது. தொட்டிலை அவிழ்க்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓடு இறக்கினார்கள். அக்காள் கொடுத்த இட்லியைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துப் போனேன். இன்னும் இவரோடு பேசத் தொடங்கவில்லை. ஆனாலும் கண் கூடையை விட்டு நகரவில்லை. கிடங்கு ஏஜெண்ட் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி காலியானபோது கூடையின் அடிகூட மறையவில்லை.

ஏஜெண்ட் கூடையைக் காலால் நகர்த்திப் பார்த்தார். "என்னவே இது. வண்டியை ஓட்டிட்டு வந்தீரா, தலையில சுமந்துட்டு வந்தீரா?"

இவர் கேபினைக் காட்டினார். சேலை சட்டத்திலேயே தொங்கியது.

"ஓட்டை எங்க நான் பாத்தேன்? அது பின்னால இல்லா கிடக்கு. தொட்டிலப் பாத்துதான் ஓட்டினேன். அது பலகையில முட்டாம ஆடினா போதும்ணு வந்தேன். அந்த மண்பாதையில போயிருந்தா தொட்டிலு நிக்காது."

என்னைப் பார்த்து இவர் சொல்லவில்லை. ஏஜெண்டிடம்தான் சொன்னார். நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து இலையைப் போட்டேன்.

ஏஜெண்ட் சிரித்துவிட்டு, அடுத்த லோடு மதுரைக்குக் கண்ணாடி, பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகமுடியாது, அப்போது என்ன செய்வீர் என்று கேட்டார். இவர் இலை முன் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்ததும் நான் கேபினில் ஏறிச் சேலையின் முடிச்சில் கை வைத்தேன்.

"அது அங்க கிடக்கட்டு," என்றார் இவர். தாசையன் அண்ணன் வைக்கோலை உதறிக்கொண்டே, தன் கிளீனர் வேலை போய்விட்டது, இனி தொட்டிலே போதும் என்றார்.

வேலை உறுதியானது. இவர் வீட்டில் இல்லாத நாட்களை நான் இப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். கல் விழும் ரோடு அப்படியேதான் இருக்கிறது. லாரி திரும்பி வரும்போது நான் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தச் சேலை அங்கே தொங்குகிறதா என்றுதான்.

இந்த ரோட்டில் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கடையடைப்பு என்றைக்கு என்று முந்தின நாளே களியக்காவிளை டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், சரியாகச் சொல்வார்கள். மறித்தால் பதற்றப்படாமல் நின்றுவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு விட்டுவிடுவார்கள். குறுக்குவழி சொல்கிறவர் நல்லவராக இருந்தாலும், இறங்கி நடந்து பார்க்காமல் வண்டியைத் திருப்பவேண்டாம். பால் கெட்டுப்போகும், ஏத்தங்காய்ப் பொடி கெடாது, வெந்நீர் எந்த வீட்டிலும் தருவார்கள். தொட்டிலுக்குச் சேலை மட்டும் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று திரும்பி வராது.