பால் காய்ச்சாத வீடு

எங்கள் தெருவில் தமிழ் பேசுகிற வீடு என்று முன்பு இருந்தது என்னுடையது மட்டும்தான். எதிரே இருந்த மேல்மாடி வீட்டை ராமச்சந்திரன் வாங்கியதும் இரண்டாயிற்று. ஆள் குடிவருவதற்கு முன்பே ஆளைப் பற்றிய கதை இரத்தினபுரி முழுக்க வந்துவிட்டது. குருவிட்டைப் பக்கம் மாணிக்கக் குழியில் பங்குக்கு வேலை செய்த தேயிலைத் தோட்டத்து ஆளாம், நீலக் கல் ஒன்று அகப்பட்டதாம், ஒரே நாளில் ஆள் பெரிய பணக்காரனாகிவிட்டாராம். இந்த ஊரில் பிறந்த எனக்கு இந்தக் கதைகள் புதிதில்லை. கல் கிடைத்தவன் முதலில் கார் வாங்குவான். பிறகு காரை விற்பான். பிறகு மறுபடியும் குழிக்குள் இறங்குவான். ராமச்சந்திரனையும் நான் அந்த வரிசையில்தான் நிறுத்தினேன். என் பெயர் ஜவ்பர், அண்ணன் என்பதற்குப் பதிலாக எல்லோரும் நானா என்று கூப்பிடுவார்கள். சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். மனிதர்களைப் பற்றி நல்லபடியாக நினைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

நான் நினைத்தபடியே காரும் வந்தது. ஆனால் அவருக்கு ஓட்டத் தெரியாது. காலையில் வாளியும் துணியுமாக வந்து காரைக் கழுவுவார். துடைத்து முடித்ததும் உள்ளே ஏறி, ஓட்டுகிறவன் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து வானொலி கேட்பார். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ரதத்தைப் பார்க்கிற மாதிரி தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர், தலையில் பாதி நரை. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். கொஞ்ச நாள் போனபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் என்னவென்றால், அந்த மனிதர் வீட்டுக்குள் படுப்பதில்லை. வாசல் பக்கம் காவல்காரனுக்கென்று கட்டிய சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதில் பாயைப் போட்டுக்கொண்டு படுத்தார். காலையும் மாலையும் வீட்டைத் திறந்து கூட்டுவார், ஜன்னல் துடைப்பார், திரும்பப் பூட்டிவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். சாப்பாடு டவுனில் கடைப் பார்சல். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, நாங்கள் நோனா என்போம், அவளுக்கும் பொறுக்கவில்லை. "தாம கிரி இதிரெவ்வே நெத்த மாத்தயா?" என்று மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டாள், இன்னும் பால் பொங்க வைக்கவில்லையா என்று. இவர் சிங்களத்தில் ஏதோ சமாளித்தார். அன்றைக்கு மாலையில் கடைக்கு வந்தவரை நான் விடவில்லை.

"என்ன ராமச்சந்திரன், இவ்வளவு பெரிய வீட்ட வாங்கிட்டு வாசல்ல படுத்தீக்கிறீங்க?"

"இன்னும் பால் காய்ச்சல நானா. காய்ச்சாம உள்ள படுக்கக் கூடாது. அடுப்பும் பத்த வைக்கக் கூடாது."

"அப்ப காய்ச்சுங்களேன். பால்மா பெக்கட் நான் தாறன்."

"ஐயோ, பசும்பால்தான் வேணும் நானா. அதுவும் வீட்டுக்காரி கையால காய்ச்சணும். மல்லிகா வரட்டும்."

"எப்ப வாறா?"

"வருவா" என்றார். சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

மல்லிகா அவருடைய மனைவி. குருவிட்டைக்கு மேலே தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில் இருக்கிறாள், கொழுந்து பறிக்கிறாள். புருஷன் மேல்மாடி வீடு வாங்கியிருக்க இவள் ஏன் மழையிலும் அட்டையிலும் மலை ஏறுகிறாள் என்று ஊரே கேட்டது, நானும் கேட்டேன். அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரங்களில் வந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

மாணிக்கக் குழிக்குப் பெண்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. அது எல்லாக் குழியிலும் உள்ளது. இவர் இறங்கிய குழியில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. கல் கிடைத்தால் அது விலைபோகும் வரைக்கும் பொண்டாட்டியிடம் மூச்சு விடக் கூடாது, சொன்னால் கல்லின் நிறம் இறங்கிவிடும் என்று நம்பினார்கள். கல்லுக்கு எங்கே காது இருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கல் கிடைத்த நாள் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்திருக்கிறார். என்ன ஆச்சு என்று மல்லிகா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றிருக்கிறார். அவள் ஓமம் வறுத்துக் கொதிக்க வைத்துக் கொடுத்தாளாம். சந்தோஷத்தில் வயிறு நிறைந்து போயிருந்த மனிதர் அதை மடக் மடக்கென்று குடித்தாராம்.

ஆனால் குழியில் இருந்த மற்ற ஆண்கள் எல்லோரும் அப்படி வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்களா என்ன? கதை மலைக்கு ஏறிவிட்டது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணி, "என்ன மல்லிகா, இனிமே நாங்கெல்லாம் ஒன் கண்ணுக்குத் தெரிவமா?" என்று கேட்டிருக்கிறார். இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுற்றி நின்ற பெண்கள் எல்லோருக்கும் விளங்கியிருக்கிறது. கூடையை முதுகில் மாட்டியபடி அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவள் தன் வீட்டுச் சங்கதியைத் தெரிந்துகொண்டாள்.

"ஊருக்கே தெரியுது. எனக்கு மட்டும் தெரியல. நான் யாரு ஒங்களுக்கு?" என்று கேட்டாளாம். இவர் குழிக் கட்டுப்பாட்டைச் சொன்னார். அவள் அழுதுவிட்டு, சரி போகட்டும் என்று விட்டுவிட்டாள். அதோடு நின்றிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். ராமச்சந்திரன் எங்கே நின்றார்?

அவளுக்குப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. நகை, சேலை எல்லாம் எல்லோரும் வாங்குவது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து மல்லிகா குளிரில் நடுங்கியபடி மலைக்குப் போவதைப் பார்த்த மனிதர், நேரே தோட்டத்து ஆபீசுக்குப் போனார். என் மனைவிக்கு இனி வேலை வேண்டாம், பேரை வெட்டிவிடுங்கள் என்றார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கே பேர் என்றுதான் சொல்வார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் போய் நின்றால் பேர் கூப்பிடுவார்கள், பேர் விழுந்தால் சம்பளம். பொண்டாட்டியின் சம்பளத்தைப் புருஷன் போய் வாங்குவது அங்கே பழைய வழக்கம். அதனால் புருஷனே வந்து வெட்டச் சொன்னதும் கிளாக்கர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வெட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல மல்லிகா இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய் நின்றாள். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். இவள் பேர் வரவில்லை. விட்டுப்போயிற்று என்று நினைத்துக் கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "ஒங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலியா?" என்று அவர் கேட்டார். இரண்டாவது தடவையாக எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

காம்பராவுக்குத் திரும்பி வந்தாள். இவர் புதுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

"இனி நீ மலைக்குப் போக வேணாம் மல்லிகா. மகாராணி மாதிரி இரு."

"என் பேர வெட்ட நீங்க யாரு?" என்றாள். அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லையாம். நேரே தோட்டத்து மனேஜரான துரையின் பங்களாவுக்கு ஏறிப் போய், வாசலில் காத்து நின்று, கைக்காசு ஆளாகத் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். கைக்காசு என்றால் அன்றைக்குப் பறித்ததற்கு அன்றைக்குக் காசு, நாளைக்கு உண்டா இல்லையா என்று தெரியாது. அத்தனை வருடம் பேர்காரியாக இருந்தவள் புதுசாக வந்த குமரிகளோடு போய் நின்றாள். அவள் கோபம் அடங்கி ஒரு கிழமையில் வந்துவிடுவாள் என்று நம்பித்தான் ராமச்சந்திரன் வீட்டை வாங்கிக்கொண்டு இங்கே வந்தார். நம்பிக்கையில் அவரை யாரும் அடிக்க முடியாது.

"நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன் நானா?" என்று கேட்டார். முட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி உம்மு குல்தூம் உள்ளேயிருந்து முந்திக்கொண்டாள். "என்ட மனிசன் என்னக் கேக்காம என்ட தையல் மிசின வித்துட்டு வந்து, இனி நீ மகாராணி எண்டு சொன்னா, அகப்பையால அடிச்சிருப்பன்!" அவள் செய்யக்கூடியவள்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தோட்டத்துக்குப் போவார். பஸ்ஸில்தான். பேரீச்சம்பழம், பிஸ்கட், வலி தைலம் என்று என் கடையில்தான் வாங்குவார். அவள் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குப் போயிருப்பாள். வரும்வரை லயத்து வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் வந்து குளித்துச் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். மற்ற நாட்களில் கார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து போன் பேசுவார். தெருவுக்கே கேட்கும். "சாப்டியா?" என்பார். "அங்கிட்டு மழையா?" என்பார். பேசி முடித்தபிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பணம் இருக்கிறவனுக்கு எங்கள் ஊரில் கூட்டாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. கல் வியாபாரிகள் வந்து வந்து போனார்கள். அவர் யாரிடமும் ஒட்டவில்லை. அந்த மனிதரைப் போலத் தனித்துப்போன ஒருவரை நான் பார்த்ததில்லை. சில நாட்களில் அவர் கடைக்கு வருவது தெரிந்தாலே எனக்கு மனசு கனக்கும்.

மழைக்காலம் வந்தது. களு கங்கை ஏறினால் இங்கே எல்லோரும் மேல்மாடிக்குப் போவோம். எங்கள் ஊரில் மேல்மாடி கட்டுவது அதற்குத்தான். தண்ணீர் தெரு முனைக்கு வந்த அன்றும் இவர் வாசல் அறையில்தான் சாமானை மேசை மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். உம்மு குல்தூமுக்குப் பொறுமை போய்விட்டது. அவரிடம் கேட்காமலே நம்பரை எடுத்து மல்லிகாவுக்குப் போன் போட்டாள்.

"மகள், நீங்க வந்து பால் காய்ச்சாம ஒங்கட மனிசன் வாசல்ல படுத்து ஈக்கிறார். உள்ள அடுப்பே எரியல்ல."

மல்லிகா சொன்னாளாம்: "மேல்மாடியில மெத்தையில படுத்திருக்காருன்னுதான் நான் நெனச்சேன். அத எங்கிட்ட அவரு சொல்லவே இல்லியே." பாருங்கள், இதையும் அந்த மனிதர் சொல்லவில்லை.

தண்ணீர் தெருமுனையோடு வடிந்த பிறகு, பௌர்ணமிக்கு விடுகிற போயா லீவு ஒரு திங்கட்கிழமை வந்தது. முதல் பஸ்ஸில் மல்லிகா வந்து இறங்கினாள். மெலிந்த, உயரமான பெண். தோட்டத்தில் கறந்த பாலைப் போத்தலில் ஊற்றித் துணியால் சுற்றி எடுத்து வந்திருந்தாள். ராமச்சந்திரன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். அவளே அதைச் சரிப்படுத்தி விட்டாள். பால் நன்றாகப் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. நோனா கை தட்டினாள். மல்லிகா எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள், மேலே ஏறிப் பார்த்தாள், குளியலறைக் குழாய் திடீரென்று தலையில் கொட்டியபோது சத்தமாகச் சிரித்தாள். பகலுக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆக்கினாள். ராமச்சந்திரன் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். உம்மு குல்தூம் இனிப்புக்கு வட்டிலப்பம்கூடச் செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பின்நேரம் மல்லிகா பையைத் தூக்கிக்கொண்டு என் கடை வாசலுக்கு வந்தாள்.

"நானா, குருவிட்டப் பக்கம் கடைசி பஸ் எத்தன மணிக்கு?"

நான் ராமச்சந்திரனைப் பார்த்தேன். அவர் அவளுக்குப் பின்னால் நின்றார்.

"இருந்துட்டுப் போயேன் மல்லிகா" என்றார். "பால்தான் காய்ச்சியாச்சே."

"நாளைக்குப் பெரட்டுக்கு நிக்கணும். நின்னாத்தான் வேல. மறுபடியும் பேர்ல எடுக்கிறதா தொர சொல்லியிருக்காரு." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "ஒங்களுக்கு வீடு நல்லா அமையணும்னுதான் வந்து காய்ச்சினேன். இனி உள்ள போய்ப் படுங்க. கடையில திங்காம சோறாக்கிச் சாப்பிடுங்க."

மூவரும் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தோம். நான் ஏன் கூடப் போனேன் என்று எனக்கே தெரியாது. அந்த மனிதரைத் தனியாகத் திரும்பி வர விட மனசு வரவில்லை. பஸ் தெரிந்ததும் அவர் கேட்டார்.

"நான் ஞாயித்துக்கெழம வரட்டா?"

மல்லிகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாங்க. ஆனா முன்னுக்கே சொல்லிட்டு வாங்க. திடுதிப்புன்னு வந்து நின்னா வீட்டுல ஒண்ணும் இருக்காது."

ஏறிவிட்டாள். அது புருஷனிடம் சொல்கிற பேச்சா? தூரத்துச் சொந்தக்காரனிடம் சொல்கிற பேச்சு. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று திரும்பினேன். ராமச்சந்திரன் முகம் மலர்ந்து நின்றார். "பாத்தீங்களா நானா, சொல்லிட்டு வரச் சொல்லிட்டா" என்றார். உடனே போனை எடுத்து நம்பரை அழுத்தினார். பஸ் இன்னும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

"மல்லிகா, நான்தான். ஞாயித்துக்கெழம வர்றேன்."

மறுபக்கத்தில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்குத் திங்கட்கிழமைதான்.