பச்சை விளக்கு எரிந்தால் போகலாம்

சத்தியநேசனுடைய ஐ.டி.ஐ. சர்டிபிகேட் ஐந்து வருஷமாகத் தாணுமாலையனின் இரும்பு அலமாரியில் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, "அசல இங்க வச்சிட்டுப் போடே, பத்திரமா கெடக்கும்" என்று முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். பத்திரமாகத்தான் கிடந்தது. அதோடு சேர்ந்து இவனும் கிடந்தான்.

தாணுமாலையன் ஆரியசாலையில் மிளகாய், கடுகு, உப்பு மொத்த வியாபாரி. கரமனையில் ஆற்றோரம் வீடு கட்டியபோது பின்புறம் ஒரு நீச்சல்குளமும் கட்டினார். ஆறு நாற்பதடி தள்ளி ஓடுகிறது. அதில் இறங்கிக் குளிக்க அந்தஸ்து இடம் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் 1999-ல் வந்தபோது ஒரு மிஷின் கொண்டுவந்து மாட்டினான். குளத்துத் தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டால், அந்த உப்பிலிருந்தே குளோரின் உண்டாக்கித் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும். சரியாக ஓடினால் பச்சை விளக்கு, கோளாறு என்றால் சிவப்பு. மகன் பத்து நாள் நீந்திவிட்டுப் பறந்துவிட்டான். அதன் பிறகு அந்தக் குளத்தில் இறங்கியது சத்தியநேசன் ஒருவன்தான், அதுவும் பாசி தேய்க்க.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இங்கே உப்பிட்டவன் சத்தியநேசன். மூட்டை மூட்டையாக இட்டான். நினைப்பதற்குத்தான் ஆளில்லை.

முதலாளியின் மனைவி பகவதியம்மாளை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. மோட்டார் ஷெட்டை ஒட்டிய அவனுடைய அறைக்கு மீன்குழம்பு அனுப்புகிறவள் அவள். அவன் மகள் ரெஷ்மா பிறந்தபோது புருஷனிடம் மல்லுக்கட்டி இரண்டு நாள் லீவு வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, மிளகாயும் கடுகும் சுற்றித் திருஷ்டி கழித்து அவள் அடுப்பில் போட்டாள். அந்தப் புகையில் ஆஸ்துமாக்காரரான தாணுமாலையனுக்கு மூச்சு முட்டிப்போயிற்று. மூச்சு திரும்பிய கையோடு அவளை ஓங்கி அறைந்தார். "இன்னொரு மட்டம் கடுகச் சுத்தினேன்னு கேட்டா, ஒனக்க தம்பி வீட்டுக்குப் போயிரு" என்றார். அடுக்களைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்த சத்தியநேசன் அதைப் பார்த்தான். பார்க்காதவன்போல வாஷரை மாற்றி முடித்தான்.

அந்த இரண்டு வருஷமாகத்தான் மிஷினுக்கும் கிரகம் பிடித்தது. மாதம் ஒருமுறையாவது சிவப்பு எரியும். இவன் மோட்டாரை நிறுத்தி, மிஷினுக்குள் இருக்கும் தகடுகளை ஆசிட் தண்ணீரில் கழுவி மாட்டுவான். மறுபடி போட்டால் பச்சை வரும். பாறசாலைக்குத் தெற்கே, இங்கிருந்து ஒருமணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற தன் வீட்டுக்குப் போக வேண்டுமானால் பச்சை எரிய வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். நாலு வயது ரெஷ்மா, அப்பா வந்தால் முதல் ஒருமணி நேரம் அம்மா சுஜாவின் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்ப்பாள். அவள் பயம் தெளிந்து மடியில் ஏறும்போது கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். இதை நினைத்தால் அவனுக்கு அழுகை வரும். அழுதும் இருக்கிறான்.

அப்படிப்பட்டவனுக்கு வீட்டுக்குப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் பிளம்பர் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சர்டிபிகேட்டோடு வந்து நிற்க வேண்டும்; தவறினால் அடுத்த ஆளுக்கு. அந்த வாரம் திங்கட்கிழமை பார்த்து சிவப்பு எரிந்தது.

"போடே, நான் தடுக்கல்லியே" என்றார் தாணுமாலையன். "பச்ச வெளக்கு எரியட்டும், எடுத்துத் தாரேன். செவப்பு வெளக்க எனக்க தலையில கெட்டிட்டு நீ போனா எப்படி?"

சத்தியநேசன் உப்பைச் சோதித்தான். போதுமான அளவு இருந்தது. தகடுகளை மூன்று தடவை கழுவினான், கண்ணாடிபோல மின்னின. மணல் ஃபில்டரைக் கழுவினான், ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தான். சிவப்பு அசையவில்லை. கொச்சி ஏஜென்ட் போனில், புது மிஷின் வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்றான். சீமை மிஷினில்தான் கோளாறு என்று எல்லோரும் நினைத்தார்கள். குளத்துத் தண்ணீரை மிஷின் வழியாகத் தள்ளும் கோயம்புத்தூர் மோட்டார் ஒழுங்காக இரைந்துகொண்டிருந்ததால் அதை யாரும் சந்தேகப்படவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மனம் விட்டுப்போய்க் குளத்து விளிம்பில் உட்கார்ந்தான். தண்ணீர் திரும்பி வருகிற துவாரத்துக்கு முன்னால் சும்மா கையை வைத்தான். உள்ளங்கையைத் தள்ள வேண்டிய தண்ணீர், சீக்காளி மூச்சுபோல வந்தது. எழுந்து ஓடி மோட்டார் பம்பைக் கழற்றினான். உள்ளே சுழலும் சக்கரத்தின் இடுக்குகளெல்லாம் கடுகு! ஊறிப் பருத்துக் கெட்டிப்பட்டிருந்தது. தண்ணீர் ஓட்டம் குறைந்ததால்தான் மிஷின் சிவப்பு காட்டியிருக்கிறது. முன்பெல்லாம் மோட்டாரை நிறுத்தியதும் கடுகு இளகிக் கொடுத்திருக்கிறது; பெயர் வாங்கியது ஆசிட். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சும்மாவா சொன்னார்கள்?

குளத்தோரம் காயப்போட்டிருந்த கிடங்குச் சாக்குகளிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைத்தான். சாக்குகளையெல்லாம் அள்ளி மாடிக்குக் கொண்டுபோனான். பம்பை மாட்டி ஓட்டியதும் பச்சை எரிந்தது.

"கெட்டிக்காரன்டே நீ" என்றார் தாணுமாலையன். "காலம்பற ஏழு மணி வர பச்ச நிக்கட்டும். பின்னெ நீ ஒனக்க வழியப் பாத்துப் போலாம்."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பச்சை எரிந்தது. உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பையோடு குளத்தோரம் நின்ற சத்தியநேசனிடம் பகவதியம்மாள் பின்வாசல் வழியாக வந்தாள். இரண்டு கையும் மூடியிருந்தன.

"கெழக்க பாத்து நில்லு மக்கா. நல்ல காரியத்துக்குப் போற."

கிறிஸ்தவ சபைக்குப் போகிறவன் அவன். திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவளுக்காக நின்றான். மூன்று தடவை சுற்றினாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, எல்லாம் கரைஞ்சு போகட்டும்" என்று சொல்லிக் குனிந்து, தண்ணீரை உறிஞ்சும் வாய்க்கு நேராக இரண்டு கையையும் விரித்தாள். உப்பும் கடுகும் உள்ளே போயின.

"அம்மா!" என்றான்.

"சத்தம் போடாத. அடுப்புல போட்டா அவியளுக்கு மூச்சு முட்டும். இது உப்புத் தண்ணி அல்லே, கரைஞ்சிரும். ரெண்டு வருசமா வெள்ளிக்கிழம தோறும் வீட்டுக்கும் மிசினுக்கும் சுத்தி இங்கதான் போடுதேன். மெளகா மெதந்து காட்டிக் குடுத்திரும், அத மட்டும் சேக்கது இல்ல. இன்னைக்கி ஒனக்குன்னு ரெண்டு கை."

ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் மோட்டாரின் இரைச்சல் மாறிவிட்டது. தாணுமாலையன் பழுப்பு உறையைக் கையில் பிடித்தபடி படியிறங்கி வந்தார். ஷெட்டை எட்டிப் பார்த்தார். சிவப்பு.

"என்னடே இது? ஒரு ராத்திரி தாங்கல்ல. காரணம் என்னாண்ணு சொல்லு."

காரணம் அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்; உறை கைக்கு வரும், பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்கலாம், சாயங்காலம் ரெஷ்மா மடியில் ஏறுவாள். வாயைத் திறந்தான். பகவதியம்மாள் உப்புப் பட்ட கைகளை முந்தானையில் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அறை விழுந்த கன்னம் இந்தப் பக்கமாக இருந்தது.

"பாக்கணும் மொதலாளி" என்றான்.

"பாரு. இனி நாளைக்குக் காலம்பற வர பச்ச நின்னா தாரேன்" என்றார் தாணுமாலையன். உறை திரும்பி உள்ளே போயிற்று. அலமாரி பூட்டிய சத்தம் குளம் வரைக்கும் கேட்டது. சத்தியநேசன் பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்பானரை எடுத்தான்.

பகவதியம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது. கிட்ட வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ரெம்பப் பொல்லாத கண்ணு மக்கா. சாரமில்ல, கவலப்படாத, அடுத்த வெள்ளிக்கிழம இன்னும் ஒரு கை கூடுதலாப் போடுதேன்."