இருபத்திரண்டு கிலோ பூனை

நான் மிருக வைத்தியரிடம் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் இதை இவ்வளவு நேராகச் சொல்கிறவள் நான் ஒருத்திதான். "மகள் என்ன வேல?" என்று யாராவது கேட்டால் உம்மா, "டொக்டர்ட்ட நிக்கிறா" என்பார். "எந்த டொக்டர்?" என்று அடுத்த கேள்வி வந்தால் உம்மாவுக்கு அடுப்பில் ஏதாவது கருகத் தொடங்கிவிடும். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அப்படியே பதில் கிடைக்காமல் திரும்பிப் போயிருக்கின்றன.

காரணம் நாய். புத்தளத்தில் எங்கள் ஆட்கள் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள், ஆட்டைப் பிள்ளை மாதிரி வளர்ப்பார்கள். நாயின் எச்சில் பட்டால் மட்டும் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். நானோ நாளுக்கு நாலு நாயின் வாயைத் திறந்து பார்க்கிறவள். கிளினிக்கின் பின்பக்கக் குழாயடியில் எனக்கென்று ஒரு வாளி மண் வைத்திருக்கிறேன். டொக்டர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்கள மனிதர். நான் சேர்ந்த முதல் மாதம் அந்த வாளியைப் பார்த்துவிட்டு, எனக்குத் தோட்டத்தில் ஆசை போலிருக்கிறது என்று ஒரு ரோசாக் கன்று கொண்டுவந்து தந்தார். அதைக் குழாயடிக்குப் பக்கத்திலேயே நட்டேன், இப்போதும் பூக்கிறது.

என் வேலையில் பாதி மருந்து, மீதி கதை. "பூனைக்குக் காய்ச்சல், கால் பனடோல் குடுத்தன், சரிதானே?" என்பார்கள். சரியில்லை, பூனைக்குப் பனடோல் நஞ்சு, உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்பேன். "ஓதி ஊதினாப் போதாதா?" என்பார்கள். ஓதுங்கள், மருந்தையும் கொடுங்கள், இரண்டுக்கும் சண்டையில்லை என்பேன். ஒருவர் பதறிப்போய் வந்தார், ஆடு கல்யாணக் கார்டைத் தின்றுவிட்டதாம். "ஆட்டுக்கு ஒண்டும் ஆகாது. கல்யாணம் எத்தன மணிக்கெண்டு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர், அதைக் கேட்கத்தான் இப்போது யாரிடமாவது போகவேண்டும் என்றார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை ஒரு பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், ஹாஜியாரின் பூனை வரும்வரை.

வந்தது என்று சொன்னாலும் முதலில் பூனை வரவில்லை, அதைப் பற்றிய கதைதான் வந்தது. ஹாஜியாருக்கு முந்தல் பக்கம் இறால் பண்ணை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர். வெள்ளிக்கிழமை அவர் எழுந்து நின்று ஏதாவது அறிவித்தால் ஒரு பிள்ளைகூட இருமுவதில்லை என்று என் தம்பி சொல்வான். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் ளுஹர் தொழுகைக்குப் பிறகு, வருகிறவர்கள் உட்காரும் வாங்கில் ஆளில்லாத நேரம் பார்த்து உள்ளே வந்தார்.

"மகள், பூனைக்குப் பூச்சி மருந்து ஒண்டு தாங்க."

"எத்தன கிலோ, ஹாஜியார்?"

"இருபத்திரண்டு."

பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவர் சுவரில் இருந்த மாட்டுப் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுல நிறுத்தீங்க?"

"இறால் தராசுல."

"பூனை எண்டா நாலு கிலோ வரும், ஹாஜியார். அஞ்சு எண்டா அது கொழுத்த பூனை."

"அது நல்லாச் சாப்புடும், மகள்."

நான் புது அட்டை எடுத்து, 'பூனை, 22 கிலோ' என்று எழுதினேன். இருபத்திரண்டு கிலோ நாய்க்குக் கொடுக்கவேண்டிய பூச்சிக் குளிசையை உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வந்த மாதிரியே தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார்.

காவலுக்கு நாய் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மார்க்கத்தில் இடமிருக்கிறது. ஹாஜியாருக்கு இது என்னைவிட நன்றாகவே தெரியும். சிக்கல் எங்கே என்றால், அந்த நாய் காவல் காக்கவில்லை. பண்ணையில் வேலை செய்கிற ஒருவர் தன் ஆட்டுக்கு மருந்து வாங்க வந்தபோது விவரம் சொன்னார். கள்ளன் வந்தால் அது வாலை ஆட்டுமாம். இடி இடித்தால் ஓடிப்போய் ஹாஜியாரின் கதிரைக்குக் கீழே படுத்துக்கொள்ளுமாம். ஹாஜியார் குனிந்து, மழை விடும்வரை அதோடு கதைத்துக்கொண்டிருப்பாராம். இப்படி ஒன்றைக் காவல் நாய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. செல்ல நாய் என்று சொன்னால் ஊர் வாய் சும்மா இருக்காது. அதனால்தான் அது பூனையானது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். எனக்கு அந்தக் கண்ணைத் திறந்துவிட வேண்டும் என்று ஒரே ஆசை. ஹாஜியார் வரும்போதெல்லாம் வாயைக் கிளறிப் பார்த்தேன்.

"பூனை மியாவ் எண்டு கத்துதா, ஹாஜியார்?"

"கொஞ்சம் தடிச்ச குரல், மகள்."

"எலி பிடிக்குமா?"

"எலியக் கண்டா அதுக்குப் பயம்."

பொய் சொல்லாமல் பதில் சொல்ல அவர் படுகிற பாட்டைப் பார்க்க எனக்குச் சிரிப்பு அள்ளும். ஒரு நாள் டொக்டர் அந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, வில்பத்துக் காட்டிலிருந்து வந்த பூனையா?" என்று கேட்டார். "பெரிய இடத்துப் பூனை, டொக்டர், கேக்காதீங்க" என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டேன். அவரும் அதோடு விட்டுவிட்டார்.

இப்படியே போயிருந்தால் நல்லது. ஒரு நாள் ஹாஜியார் வந்து, பூனைக்கு உண்ணி பிடித்திருக்கிறது என்றார்.

நாய்க்கு உண்ணி என்றால் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்து ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஆனால் அதே மருந்தைப் பூனையின்மேல் விட்டால் பூனை இழுத்து இழுத்துச் செத்துப்போகும். அந்த அலுமாரிக் கதவில் சிவப்பு மையால் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன், பூனைக்குக் கொடுக்கவே கூடாது என்று. இன்றைக்கு ஹாஜியார் என் வலையில் மாட்டினார் என்று நினைத்தேன்.

"நாய் எண்டா நல்ல மருந்து ஒண்டு இரிக்கி, ஹாஜியார். பூனைக்குப் போட்டா மௌத்தாப் போயிடும். ஒங்கட பூனைதானே?"

வாங்கில் ஒரு பெண் பூனைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். ஹாஜியார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாட்டுப் படத்தைப் பார்த்தார். ஒரு சொல் போதும். அவர் அதைச் சொல்லவில்லை.

"பூனைதான், மகள்."

"அப்ப மருந்து சரிவராது. சீப்பாலதான் சீவணும்."

பேன் சீப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். நாளைக்கே வந்து உண்மையைச் சொல்லிவிட்டு மருந்தை வாங்குவார் என்பது என் கணக்கு. வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை. "வயசான மனிசனோட ஒனக்கென்ன விளையாட்டு?" என்றார். உம்மாவுக்குப் பகிடி விளங்காது என்று முடிவுசெய்தேன்.

ஹாஜியார் மறுநாள் வரவில்லை, அடுத்த கிழமையும் வரவில்லை. எனக்கும் வேலைக்குள் அது மறந்துபோயிற்று.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை, வாங்கு நிறைய ஆட்கள். இறால் ஏற்றுகிற சின்ன லொறி ஒன்று வாசலில் வந்து நின்றது. ஹாஜியார் இறங்கினார். வெள்ளை உடுப்பு, தலையில் தொப்பி, இரண்டு கையிலும், உடுக்கிற புதுச் சாரத்தில் சுற்றிய ஒரு நாய். தவிட்டு நிறம். தலை அவர் முழங்கைக்கு மேலால் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் தெருவின் எந்தப் பக்கத்தையும் பார்க்கவில்லை.

அன்று கூடையோடு இருந்த அதே பெண், தன் பூனையின் காதுப் புண்ணுக்கு மருந்து கட்ட வந்திருந்தார். வாங்கில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"பூனைக்குச் சுகமில்லயா, ஹாஜியார்?" என்றார், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல். முழு ஊருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. பகிடி விட்டது நான் ஒருத்திதான்.

ஹாஜியார் உட்காரவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"நாய் எண்டு எழுதுங்க, மகள். மருந்து பிழையாப் போயிடக் கூடாது."

இந்தச் சொல்லைக் கேட்கத்தான் நான் எத்தனையோ மாதம் காத்திருந்தேன். அட்டையில் பூனையை வெட்டி நாய் என்று எழுதும்போது என் எழுத்தே எனக்கு விளங்கவில்லை. தராசில் பதினேழு கிலோ காட்டியது.

டொக்டர் உதட்டை விலக்கிப் பார்த்தார். பல் முரசு வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தது. மூத்திரம் பால் கலக்காத பிளேன்டீ நிறத்தில் போகிறது என்றார் ஹாஜியார். டொக்டர் காதிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்துவிட்டு, உண்ணிக் காய்ச்சல், இரத்தத்தைத் தின்றுவிட்டது, இன்றும் நாளையும் தாண்டினால்தான் சொல்லலாம் என்றார். நான் சேலைன் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உண்ணிக்கு மருந்து ஒண்ணும் போடல்லையா?" என்று டொக்டர் கேட்டார்.

"சீப்பால சீவினன், டொக்டர். ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுட்டு வந்து சீவுவன். நூறு, நூத்தம்பது வரும். உப்புத் தண்ணியில போட்டுச் சாக்காட்டுவன். பொறகு கைய ஏழு தரம் கழுவிட்டு மஃரிபுக்குப் போவன்."

"நாய்க்குச் சீப்பா? யார் சொன்னது?"

நான் போத்தலை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். ஹாஜியார் என் பக்கம் திரும்பவேயில்லை.

"யாரும் சொல்லல்ல. நானா நினைச்சன்."

டொக்டர் தலையை ஆட்டிக்கொண்டு ஊசியை எடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அது செத்தால் அதைக் கொன்றது உண்ணி இல்லை, என் பகிடி. விளையாட்டு வினையாகும் என்று உம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பார். இருபத்தொரு நாள், ஏழு தரம் என்று மனம் தானாகப் பெருக்கிப் பார்த்தது. வேலைக்காக நான் கழுவுகிறேன், சம்பளம் வருகிறது. அந்த மனிதர் எதற்காகக் கழுவினார் என்று எனக்குத் தெரியும்.

அந்த இரண்டு நாளும் நான் அதன் கூண்டுக்குப் பக்கத்தில்தான் சாப்பிட்டேன். ஹாஜியார் தொழுகைக்கு எழுந்து போய், திரும்பி வந்து, அதே பிளாஸ்டிக் கதிரையில் உட்காருவார். மூன்றாம் நாள் காலையில் நான் ஒரு துண்டு பாணைப் பாலில் நனைத்து நீட்டினேன். நாய் முகர்ந்து பார்த்தது, பிறகு பாணோடு சேர்த்து என் விரலையும் நக்கியது. நான் அழுதேன். கழுவுவதற்குக் குழாயடிக்குப் போய் அங்கேயும் அழுதேன்.

ஹாஜியாரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தரம் தொடங்கினேன். மூன்று தரமும் அவர், கஞ்சிக்கு உப்புப் போடலாமா, முட்டை கொடுக்கலாமா என்று இடையில் எதையாவது கேட்டுவிட்டார். நாயை வீட்டுக்குக் கொண்டுபோகும் நாளில் கழுத்துக்கு விடுகிற மருந்தை நானே விட்டுக் காட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நானும் அதோடு அவருக்கு ஒன்றும் தெரியாது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன மாதம் ஹாஜியார் கிளினிக்குக்குப் போன் எடுத்தார்.

"மகள், பூனைக்கு உண்ணி."

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பழைய கதைக்குத் திரும்பிவிட்டார், என்னோடு பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். மருந்தை எடுத்து உறையிலும் போட்டுவிட்டேன், ஆளை அனுப்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பழக்கதோசத்தில் அதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்துவிட்டது.

"இப்ப எத்தன கிலோ, ஹாஜியார்?"

"முக்கால்."

"இருபத்திரண்டே முக்காலா?"

"இல்ல, மகள், முக்கால் கிலோ. இறால் தராசுலதான் வச்சுப் பார்த்தன். எங்கயோ இருந்து வந்திச்சு, நாயிட வயித்தோட ஒட்டிப் படுக்குது. மெய்யாவே பூனை."

என் கையிலிருந்த உறையைப் பார்த்தேன். அதற்குள் இருந்தது நாயின் மருந்து. அதைத் திருப்பி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டேன். முக்கால் கிலோக் குட்டிக்கு எந்தச் சொட்டு மருந்தும் போட முடியாது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது.

"ஹாஜியார், இதுக்கு மருந்து சரிவராது. சீப்பாலதான் சீவணும்."

அந்தப் பக்கம் இறால் குளத்துத் தண்ணீர்ச் சில்லுகள் சுற்றுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஹாஜியார் மெதுவாகக் கேட்டார்.

"இந்தத் தடவ நீங்க விளையாடல்லதானே, மகள்?"