வாசிக்காமல் இட்ட கையெழுத்து

சபையில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து ஜெபிக்கிறவர்களே, இந்தச் சாட்சியை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கடந்த லெந்து காலத்தின் மூன்றாம் கிழமை, கோப்பாயில் உள்ள என் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கொழும்பில் நான் பொலிஸ் அதிகாரியாக இருந்தபோது பதியப்பட்ட ஒரு வாக்குமூலம் பற்றி, யாழ்ப்பாணத்தில் கூடும் விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்ல வரும்படி எழுதியிருந்தது. அதில் இருந்த பெயரைக் கண்டதும் கதிரையில் இருந்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருடங்கள் கொழும்பில் குற்றப்பிரிவில் வேலை செய்தேன். களவு, மோசடி, கொலை என்று எத்தனையோ வழக்குகளில் துப்புத் துலக்கினேன். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீங்கள் என்னை முன்மாதிரியாகக் காட்டினீர்கள். அப்போதெல்லாம் நான் தலை குனிந்ததை அடக்கம் என்று நினைத்தீர்கள். அது அடக்கம் இல்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தங்குவிடுதியில் நகை களவு போனது. அங்கே வேலை செய்த பருத்தித்துறை இளைஞன் ஒருவனைப் பிடித்து வந்தார்கள். சுதன் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குச் சிங்களம் தெரியாது. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிய சார்ஜனுக்குத் தமிழ் அரைகுறை. அப்படியான வேளைகளில் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர், எழுதியதை முழுவதும் தமிழில் வாசித்துக் காட்டி, விளங்கப்படுத்தியதாகக் கீழே கையெழுத்திட வேண்டும். அந்த நிலையத்தில் அது நான் ஒருத்திதான்.

என் பேச்சைக் கேட்டதும் சுதனின் முகம் மலர்ந்தது.

"அக்கா, நீங்களும் யாழ்ப்பாணமோ? நான் சொன்னதை உவர் சரியா எழுதியிருக்கிறாரோ எண்டு ஒருக்கால் பாருங்கோ."

சார்ஜன் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். "மிஸ்ஸுக்கு ஊர் ஆள் வந்தாச்சு. இனி கேஸ் சரி, வீட்டுக்குப் போகலாம்!" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. பொலிஸ் சீருடை அணிந்த யாழ்ப்பாணப் பெண்ணாகிய எனக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது. தன் ஊராருக்குச் சாய்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பயத்தினாலேயே ஊராரிடம் மற்றவர்களைவிடக் கடுமையாக நடந்தேன்.

"இது பொலிஸ் ஸ்டேஷன். அக்கா, தங்கச்சி எண்டு இஞ்சை கதைக்காதை. கையெழுத்தை வை" என்றேன்.

அவன் வைத்தான். நானும் வைத்தேன். ஒரு வரியைக்கூட நான் வாசிக்கவில்லை.

நகை இருந்த அறையைப் பூட்டி, திறப்பை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதாகத்தான் சுதன் சொல்லியிருந்தான். ஆனால் தாளில், திறப்பு முழு நேரமும் தன்னிடமே இருந்தது என்று அவன் சொன்னதாக எழுதப்பட்டிருந்தது. ஏழு மாதம் விளக்கமறியல் சிறையில் கிடந்தான். அதற்குள் அவனுடைய தகப்பன் இறந்தார். அனுமதி கிடைத்து அவன் பருத்தித்துறைக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நீதிமன்றத்தில் அவன் அழுதபடி மறுத்த பிறகுதான் அந்தத் தாளை முதன்முறை வாசித்தேன். வாசித்த பின்னரும் வாய் திறக்கவில்லை.

சாட்சி போதாது என்று வழக்குத் தள்ளுபடியானது. உண்மைக் கள்ளன் அகப்படாததால் சந்தேகம் சுதன் மேலேயே தங்கியது. கப்பலில் வேலை கிடைத்தும், பொலிஸ் நற்சான்றிதழ் கிடைக்கவில்லை. வாக்குமூலம் தனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை என்று அவன் முறைப்பாடு செய்தான். அதற்காகத்தான் எனக்கு அந்தக் கடிதம்.

முழங்காலில் நின்று நான் என்ன கேட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். "ஆண்டவரே, அந்த வழக்குக் கோவை தொலைந்து போகட்டும்." ஒரு கிழமை உபவாசமிருந்து இதைத்தான் கேட்டேன்.

எட்டாம் நாள், எனக்குப் பின் அந்த நிலையத்துக்கு வந்த தமிழ் அதிகாரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், அந்த ஃபைலக் காணல்லையாம். எல்லா இடமும் தேடியாச்சு. எழுதின சார்ஜனும் இப்ப உயிரோட இல்ல. வாசிச்சுக் காட்டினேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அதோட முடிஞ்சிடும்."

கேட்டது கேட்டபடியே கிடைத்தது. என் வாயிலிருந்து ஒரு ஸ்தோத்திரம்கூட வரவில்லை.

என் தங்கை மலர் பொறுமையிழந்தாள். "ஒரு கிழமையாச் சாப்பிடாமல் கிடந்து கேட்டாய். அவர் தந்திட்டார். பிறகேன் அக்கா செத்தவீட்டுக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறாய்?"

தாள் இல்லை. எழுதியவரும் இல்லை. சுதன் சொன்னால் நம்பமாட்டார்கள், நான் சொன்னால் நம்புவார்கள். என்னை மறைப்பதற்காக அல்ல, ஒளிந்துகொள்ள இடமில்லாமல் நிறுத்துவதற்காகவே கர்த்தர் அந்தக் கோவையை எடுத்தார் என்று அப்போது உணர்ந்தேன். இவ்வளவு கேவலமான விண்ணப்பத்தையும் அவர் தள்ளாமல் கேட்டிருந்தார். வெட்கத்தோடு மறுபடியும் முழங்காலிட்டேன். உண்மை சொல்லப் பெலன் தாரும் என்று மட்டும் கேட்டேன்.

விசாரணை நாளில் சுதன் எனக்கு எதிரே இருந்தான். தலையில் நரை விழத் தொடங்கியிருந்தது.

"வாக்குமூலத்தை வாசிச்சுக் காட்டினீங்களோ?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"இல்லை ஐயா."

"அப்ப, நீங்கள் வைச்சதா இவர் சொல்லுற கையெழுத்து?"

"ஓம், என்ரை கையெழுத்துத்தான். வாசிக்காமல் வைச்சனான்."

என் குரல் நடுங்கவில்லை. அந்தப் பெலன் என்னுடையது அல்ல என்று எனக்குத் தெரியும்.

வெளியே சுதன் என்னை நிறுத்தினான். "உங்களை என்னால இண்டைக்கு மன்னிக்க ஏலாது. ஆனா இதை அம்மாட்டை நீங்களே வந்து சொல்லோணும்."

அடுத்த நாள் காலை பருத்தித்துறைக்குப் பஸ் ஏறினேன். அந்தத் தாய் மீனை அரிந்தபடியே நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ரை பிள்ளை அண்டைக்கே சொன்னதைத்தானே நீர் இப்ப சொல்லுறீர். எனக்கு இது புதினமில்லை, பிள்ளை. போய் ஊருக்குச் சொல்லும்."

சுதனுக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. இப்போது அவன் கப்பலில் வேலை செய்கிறான். அந்த நாட்களில் நான் பெற்ற பதவி உயர்வை மீள விசாரிக்கப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். வரட்டும். நான் நித்திரை கொள்கிறேன், சபையில் உங்கள் முகத்தைப் பார்த்துப் பாடுகிறேன். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன்.

அந்தத் தாய் சொன்னபடியே இன்று ஊருக்குச் சொல்லிவிட்டேன். எதையாவது மூடித் தரும்படி இரகசியமாக மன்றாடிக்கொண்டிருப்பவர் உங்களில் இருந்தால், கர்த்தரிடம் தொடர்ந்து போங்கள். வெட்கத்தோடாவது போங்கள். நீங்கள் கேட்கத் துணியாததையும் அவர் தருவார்.