ஒரு மீனும் கடிக்காத முள்

இன்று காலை மேசை இழுப்பறையில், மகளின் மருத்துவமனைச் சீட்டுகளுக்கு அடியிலிருந்து, அந்தத் தூண்டிலை எடுத்தேன். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, சின்ன முள். எங்கள் அலுவலக ஹெட் கிளார்க் கட்டித் தந்தது. அந்த முள்ளை இதுவரை ஒரு மீனும் கடித்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் மகளுக்கு டெங்கு வந்து தேனி மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தோம். அத்தனை நாளும் மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர் அவர்தான். வீடு திரும்பிய பிறகும் நான் மணிக்கொரு தரம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏப்பா, இப்படியே போனா அடுத்து ஒன்னயத்தான் கொண்டுபோய்ப் படுக்க வைக்கணும். ஞாயித்துக்கெழம ஆத்துக்கு வா, மனசு அமரும்" என்றார்.

மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில், முல்லைப் பெரியாற்றங்கரையில் அவருக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. அதற்குக் கொஞ்சம் கீழே மருத மர நிழலில் உட்கார்ந்தோம். மண்புழுவைக் கோக்க எனக்குத் தெரியவில்லை. அவரே கோத்துத் தந்தார். தக்கை தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. ஒரு மணி நேரம் இருக்கும், மகளை நான் நினைக்கவே இல்லை.

பிறகு ஒரு நாற்றம் வந்தது. தண்ணீரில் பால் கரைந்ததுபோல வெள்ளை ஓடியது. என் தக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஜிலேபி மீன் மல்லாந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. பின்னாலேயே கெண்டைகள். அவர் வேட்டியை மடித்துக்கட்டிச் சிரித்தபடி இறங்கி, கூடையால் அள்ளினார். மேலே அவர் தோட்டத்தில் பூச்சிமருந்தடித்தவர்கள் டேங்கை ஆற்றில் கழுவியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் பலரும் அப்படித்தான் கழுவுகிறார்கள். கழுவியதும் மீன் அள்ளுவதும் வழக்கமாம். நான் வெறுங்கையோடு போகக்கூடாதென்று, அன்றைக்கு நேரம் பார்த்துக் கழுவச் சொன்னவரே அவர்தான்.

"முள்ளப் போட்டுட்டு எம்புட்டு நேரந்தான் உக்காந்திருப்ப? பிள்ளைக்குக் கொழம்பு வச்சுக் குடு, ஒடம்பு தேறும்."

மருந்து கலந்ததாயிற்றே என்று இழுத்தேன்.

"கொடல எடுத்துட்டா ஒண்ணுஞ் செய்யாது. நாங்க திங்காததா?"

மீனைப் பையில் போட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஒன்பது நாள் சோறு சுமந்தவர் முன்னால் முகம் சுளிக்க முடியவில்லை. வீட்டில் மனைவி மசாலா அரைத்து வைத்திருந்தாள். கொல்லையில் நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தேன். முழங்கைவரை மூன்று தடவை சோப்புப் போட்டும் அந்த வழுவழுப்பு போகவில்லை. மகள் ரசஞ்சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில், "பாப்பா சாப்பிட்டாளா?" என்றார்.

"ருசிச்சுச் சாப்பிட்டாண்ணே."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க பேத்தியும் அப்படித்தான். முள்ளெடுத்துக் குடுக்கக் குடுக்கத் தின்னா."

அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஆனால் நான் குழியை மூடிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டு அடுப்பில் அதே மீன் கொதிக்கும் என்பது எனக்குத் தெரியும். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. என் பிள்ளை தப்பித்தால் போதும் என்று மண்ணை மிதித்துச் சமன் செய்துகொண்டிருந்தேன். ஆற்று நாற்றம் அன்றைக்கே போய்விட்டது, இது இன்னும் போகவில்லை.

நேற்று போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மருந்தடிக்கிறார்களாம், மீன் அள்ளுவதைப் பேத்திக்குக் காட்ட வேண்டுமாம், என்னையும் வரச் சொன்னார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முள்ளில் துரு ஏறியிருக்கிறது. தூண்டிலைச் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தண்ணீரில் அந்தப் பேத்தி கால் வைப்பதற்கு முன் நான் வாயைத் திறந்தாக வேண்டும்.